புளியரையிலிருந்து அப்பா எழுதுவது

அன்பு மகனுக்கு,

கம்பெனி செக்கப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 வந்ததை அம்மாவிடம் போகிற போக்கில் சொன்னாயாமே. 31 வயசுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருக்கிறாய். அவள் நம்பிவிட்டாள். எனக்கு ராத்திரி கண் மூடவில்லை. 100-க்குக் கீழே இருக்க வேண்டியது அது. 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீ வாசப்படியில் நிற்கிறாய், யய்யா.

என் கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி 26 வருஷம் கொல்லத்துக்கு லாரி ஓட்டினேன். சாயங்காலம் லோடு, விடியுமுன் இறக்க வேண்டும். 52 வயதில் ஒரு ராத்திரி, கோட்டைவாசல் வளைவில் நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை வைத்ததுபோல் கனத்தது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. தாடையெல்லாம் வலி. வாயு என்று நினைத்து ஆரியங்காவில் ஒரு சோடா குடித்துவிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அந்தத் தாமதத்தில் இதயத் தசையில் கொஞ்சம் செத்துப்போய்விட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஸ்டென்ட் வைத்தும் அது திரும்பவில்லை.

பீடி கிடையாது, குடி கிடையாது, எனக்கு எப்படி வந்தது என்று ரொம்ப நாள் யோசித்தேன். என்னோடு 14 வருஷம் வந்த கிளீனர் அண்ணன் என்னைவிட மூத்தவர். ஒரே சாப்பாடு, ஒரே ராத்திரி விழிப்பு. ஆனால் செக்போஸ்டில் பேப்பரோடு ஓடுவது, தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது எல்லாம் அவர். நான் சீட்டை விட்டு இறங்கமாட்டேன். இன்றைக்கும் அவர் வயலில் மண்வெட்டி பிடிக்கிறார்.

இரண்டு பேரை வைத்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் பஸ்காரர்களை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து 1953-இல் எழுதியதும் இதைத்தான். மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம். அதைப் படித்த அன்று கிளீனர் அண்ணன் முகம்தான் கண்ணில் நின்றது.

கொச்சி காக்கநாட்டு ஆபீசில் ஏசிக்குள் இருக்கிறாய், புகை இல்லை, மேடுபள்ளம் இல்லை. ஆனாலும் அது என் சீட்டுதான். ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 வரை, சனிக்கிழமையும் சேர்த்து. நடுவில் ராத்திரி 2 மணிக்குத் தட்டுக்கடைப் பரோட்டா. உடம்புக்கு அது தூங்குகிற நேரம், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதே பரோட்டா பகலில் ஏற்றுவதைவிட ராத்திரியில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். வேலை நேரமும் லேசான விஷயமில்லை. உன் கணக்கு வாரத்துக்கு 54 மணி நேரம், விளிம்பில் நிற்கிறாய். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், மாரடைப்பு மாதிரியான இதய நோயில் சாகிற ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து சொன்னார்கள்.

வேலையை விடச் சொல்லவில்லை. வீட்டுக் கடன் எனக்கும் தெரியும். பகல் ஷிப்ட் கேள். கேட்டால் மதிப்பு குறையும் என்று நினைக்காதே. நான் 26 வருஷத்தில் ஒரு தடவைகூட முதலாளியிடம் வாய் திறக்கவில்லை. ஷிப்ட் மாறும்வரை ராத்திரிச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்புமுன்பே முடித்துக்கொள். போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை டெஸ்டும் பிரஷரும் இந்த வாரமே பார்த்துவிடு. நெஞ்சு கனத்தால் மட்டும் சோடா தேடாதே, நேரே ஆஸ்பத்திரி.

கவருக்குள் அம்மாவின் தையல் டேப் இருக்கிறது. காலையில், வயிற்றை எக்காமல், தொப்புளுக்கு நேராகச் சுற்றிப் பார். நம்மூர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. எவ்வளவு என்று எனக்குப் போன் பண்ணு, அம்மாவிடம் வேண்டாம். டேப்பை வருகிறபோது கொண்டு வா. பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் செங்கோட்டையில் வந்து கூப்பிட்டுக்கொள்கிறேன்.

அப்பா