பர்வதமலையில் பிய்ந்துபோன ஷூ: பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்றாவது புகார் கடிதம்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
நாள்: 12.06.2025

பொருள்: 22.03.2025 அன்று வேலூர் ஷோரூமில் வாங்கிய மலையேற்ற ஷூ (9ஆம் நம்பர், 4,299 ரூபாய்) முதல் பயணத்திலேயே பிய்ந்தது. பணமும் இழப்பீடும் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஏற்கெனவே இரண்டு முறை மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்று கம்ப்யூட்டர் அனுப்பும் வரி ஒன்று வந்தது, அத்தோடு சரி. அதனால் இதைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். தயவுசெய்து யாராவது ஒரு மனிதர் இதை முழுக்கப் படிக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மகனும் பர்வதமலை ஏறினோம். 4,560 அடி. போன வருடம் என் மனைவிக்குப் பெரிய ஆபரேஷன் நடந்தபோது வேண்டிக்கொண்டது. உச்சியில் மல்லிகார்ஜுன சுவாமிக்கு நம் கையாலேயே பால் ஊற்றலாம் என்பதால் அந்த மலையை நேர்ந்துகொண்டேன். வெயில் முற்றுவதற்குள் போய்விட வேண்டும் என்று பங்குனியிலேயே கிளம்பினோம். எனக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் 600 ரூபாய்க்கு மேல் காலணி வாங்காத நான் 4,299 ரூபாய் கொடுத்தது அதற்காகத்தான். வாங்கும்போதே உங்கள் விற்பனையாளரிடம் பர்வதமலை என்று பெயர் சொல்லித்தான் கேட்டேன். "இமயமலைக்கே போகலாம் சார்" என்றார்.

தென்மாதிமங்கலத்திலிருந்து விடியற்காலை 5 மணிக்கு ஏறத் தொடங்கினோம். காட்டுப் பாதையும் படிகளும் முடிந்து, பாறையில் அடித்த கம்பிகளைப் பிடித்து ஏறும் கடப்பாரைப் படிக்கு வரும்போது ஒன்பதரை இருக்கும். ஒரு கை சங்கிலியில், வலது கால் கீழ்க் கம்பியில். இடது காலை மேல் கம்பியில் வைத்து எம்பியபோது கால் மேலே வந்தது, சோல் வரவில்லை. குதிகாலில் மட்டும் ஒட்டிக்கொண்டு முன்பக்கம் முழுக்கத் தொங்கியது. எனக்குப் பின்னால் இருபது பேராவது இருப்பார்கள். "சாமி, நிக்காதீங்க, ஏறுங்க" என்று குரல் வருகிறது. கீழே பார்த்தால் பள்ளம். மகன் மேலே நின்று என் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்காவிட்டால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சோலுக்கு மேல் இருக்கும் மஞ்சள் ஸ்பான்ஜை விரலால் தொட்டால் பிண்ணாக்கு போல உதிர்கிறது. பதினைந்து நாள் முன்பு வாங்கியது ஐயா. பழகுவதற்காக மொட்டை மாடியில் இரண்டு நாள் போட்டு நடந்தேன், அவ்வளவுதான். துண்டைக் கிழித்துக் கட்டிப் பார்த்தோம், பாறையில் வழுக்கியது. மகனின் செருப்பு 7ஆம் நம்பர், எனக்கு நுழையவில்லை. மேலே கோயில் கண்ணுக்குத் தெரிகிறது, போக முடியவில்லை. கொண்டுபோன பாலைப் பின்னால் வந்த ஒரு அம்மாவிடம் கொடுத்து, என் மனைவி பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, ஊற்றிவிடச் சொன்னோம். அந்த அம்மா இரண்டு முறை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

இறங்கும்போது வலது ஷூவும் அதேபோல் வாயைப் பிளந்தது. பதினொரு மணிப் பாறைச் சூட்டில் வெறும் சாக்ஸோடு இறங்கினேன். சுடுவது எனக்குத் தெரியவில்லை, அதுதான் என் வியாதி. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோது இடது பாதத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கொப்பளித்துக் கிடந்தது. 23 நாள் கட்டு போட்டார்கள். விரலை எடுக்க வேண்டிவருமோ என்று வீடே தூங்கவில்லை.

இத்தனைக்கும் மேலே என்னைக் கொதிக்க வைத்தது மே 19 அன்று உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர். 42 நிமிடம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு எடுத்தார். நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்குள், "கோயில் மலைக்குச் செருப்பே போடாம ஏறணும் சார், நீங்க ஷூ போட்டுட்டுப் போனா சாமி குத்தம் ஆகும்ல" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது. பெயர் கேட்டேன், வைத்துவிட்டார். ஐயா, என் மனைவி உயிருக்காக நேர்ந்துகொண்ட மலை அது. நான் கேட்டது என் பணத்தை. எனக்குப் பக்தி பாடம் எடுக்க அவர் யார்? அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும், போட்டுக் கேளுங்கள். எனக்கு எத்தனை ரூபாய் கொடுத்தாலும் அந்த வார்த்தை போகாது.

அதற்கு முன் நடந்ததையும் சொல்கிறேன். ஏப்ரல் 9 அன்று மகன் ஷூவை எடுத்துக்கொண்டு வேலூர் போனான், ஒரிஜினல் பில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஏப்ரல் 16, பில்லோடு போனான், மேனேஜர் லீவு. மே 6, கால் ஆறியதும் நானே போனேன். "நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, அம்பத்தூர் சர்வீஸ் சென்டர்தான் பார்க்கணும்" என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? மே 17 சனிக்கிழமை ஆரணியிலிருந்து பஸ் மாறி மாறி அம்பத்தூர் போய்ச் சேர்ந்தால் மணி ஒன்றே கால். சனிக்கிழமை ஒரு மணியோடு சரி என்று வாட்ச்மேன் சொன்னார். வேலூரில் ஒருவரும் சொல்லவில்லை. அந்த வாட்ச்மேன்தான் பாவம் பார்த்து, வெளியே வந்துகொண்டிருந்த சர்வீஸ் சென்டர் ஆள் ஒருவரை நிறுத்திக் காட்டினார். அந்த ஆள் பையைத் தொடக்கூட இல்லை. எட்டிப் பார்த்து, "யூசேஜ் டேமேஜ்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பெட்டியில் மலைப் படம் போட்டு விற்ற ஷூவை மலையில் போட்டது தவறான உபயோகமா?

பெட்டி என்றதும் இன்னொன்று. அதில் தயாரித்த மாதம் நவம்பர் 2020 என்று அச்சாகியிருக்கிறது. ஆரணி பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். அவர் ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பசை விட்டது இல்லைங்க இது. ஸ்பான்ஜே செத்துப்போச்சு. வருஷக்கணக்கா பொட்டியில கெடந்தா ஈரக்காத்து பட்டே இப்படி ஆயிடும், தைச்சாலும் நிக்காது" என்றார். பெட்டியை நான் காட்டாமலே சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது தயாரித்த உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் நாலரை வருடச் சரக்கைப் புதிது என்று என் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

நான் பட்டுத்தறிக்குப் பாவு (நெசவுக்கான நீளவாட்டு நூல்) ஓட்டிக் கொடுப்பவன். சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். காலில் கட்டோடு நான் படுத்ததால் தறிக்காரர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். இரண்டு லட்சத்துக்குக் குறையாத நஷ்டம். என் தொழிலே படுத்துவிட்டது என்று சொல்லலாம்.

தங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை ஐயா. மேலிடத்துக்கு விஷயம் வந்தால் நியாயம் செய்வீர்கள் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்ததைக் காட்டி இனி யாரும் என்னைத் துரத்த முடியாது. பில்லில் கெடு சொல்லாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நாங்கள் பதினெட்டாம் நாளே கொண்டுவந்தோம்.

ஷூவின் விலை 4,299 ரூபாய், மருத்துவச் செலவும் பஸ் செலவும் சேர்த்து 9,860 ரூபாய், மன உளைச்சலுக்கு 50,000 ரூபாய் ஆகியவற்றை 15 நாளுக்குள் தர வேண்டும். மே 19 அன்று பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. இனி அலைய வேண்டியது நீங்கள்.

பில், பெட்டியின் படம், ஷூவின் ஆறு படங்கள், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். ஷூ அதே பெட்டியில் என் வீட்டில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஆள் ஆரணிக்கு வரட்டும், நான் இனி எங்கும் தூக்கிக்கொண்டு வருவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்