காணும் பொங்கலுக்கு மெரினா வரும் குடும்பங்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

தை மூன்றாம் நாள் மெரினா உங்களுடையது. காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்திலிருந்தெல்லாம் புளிசாதமும் கரும்பும் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு வருகிறீர்கள். குழந்தைகள் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதென்று போலீஸார் அவர்கள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். காசு செலவில்லாமல் குடும்பத்தோடு நாள் முழுக்க உட்கார இதைவிடப் பெரிய இடம் சென்னையில் எங்கே இருக்கிறது? கூட்டத்தைத் தடுக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் பக்கம் நான் இல்லை. நீங்கள் வர வேண்டும். போகும்போது உங்கள் குப்பையும் உங்களோடு போக வேண்டும்.

"கார்ப்பரேஷன்காரங்க வாரிடுவாங்க" என்று நினைக்கிறோம். வாருகிறார்கள்தான். ஆனால் தார் ரோடு வேறு, மணல் வேறு. ரோட்டில் கிடப்பதைத் துடைப்பத்தால் தள்ளிவிடலாம். மணலில் அத்தனை கால்கள் மிதித்த பிறகு பாதி குப்பை உள்ளே புதைந்துவிடும். சலிக்கிற இயந்திரத்துக்கும் எல்லாம் சிக்காது. மறுநாள் விடிகாலையில் பாருங்கள். தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் குனிந்து, மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கவரின் நுனியைப் பிடித்து இழுப்பார். கூடவே கரும்புச் சக்கையும் மீன் முள்ளும் ஐஸ் குச்சியும் வரும். உடைந்த பாட்டில் துண்டு மட்டும் கண்ணுக்குத் தெரியாது, விரல் பட்டால்தான் தெரியும்.

அதே ஜனவரியில்தான் பங்குனி ஆமைகள் என்கிற கடல் ஆமைகள் இரவில் கரையேறி, குப்பை புதைந்த இதே மணலில் குழி தோண்டி, ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடத் தொடங்குகின்றன. 1988 முதல் மாணவர்கள் இந்தக் கரையோரம் ராத்திரி நடந்து அவற்றைக் காத்துவருகிறார்கள்.

பிளாஸ்டிக் கப், தட்டு, தண்ணீர் பாக்கெட், கேரி பேக் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. இன்னும் எப்படி விற்கிறது என்று அதிகாரிகளைக் கேட்கத்தான் வேண்டும். அதுவரை நாம் வாங்காமல் இருக்கலாமே.

சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவாருங்கள். கூடவே ஒரு பழைய அரிசிச் சாக்கு. சின்ன கவர் என்றால் கடற்காற்று தூக்கிக்கொண்டு போய்விடும், சாக்கு அசையாது. குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாயும் காக்கையும் கிழித்து இறைத்துவிடும். சாக்கின் வாயைக் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போய், உங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். கரும்புச் சக்கை மக்கிப்போகுமே என்று விட்டுவிடாதீர்கள், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணிவாசி ஒருவர்