செம்பு வைண்டிங் (கம்பிச் சுற்று) என்று விற்ற அலுமினிய மோட்டார்: புகார் கடிதம்

நாள்: 27.06.2024

அனுப்புநர்:
கூட்டுப் போர் (ஆழ்துளைக் கிணறு) பாசனதாரர்கள் (ஐந்து குடும்பங்கள்),
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
தங்கள் இணைய விற்பனை நிறுவனம்.

பொருள்: 7.5 எச்பி சப்மெர்சிபிள் (நீர்மூழ்கி) மோட்டார் என்று போலிப் பொருள் அனுப்பியது – பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் விவரம் தரவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். 09.05.2024 அன்று தங்கள் தளத்தில் 6 அங்குலப் போருக்கான 7.5 எச்பி, மூன்று பேஸ் சப்மெர்சிபிள் பம்ப்செட் ஒன்றை ரூ.28,900 கட்டி ஆர்டர் செய்தோம். 21-ஆம் தேதி மன்னார்குடி லாரி ஆபீசுக்கு வந்தது. இதுபற்றி 26.05.2024 முதல் நான்கு முறை எழுதிவிட்டோம். முடிவாக நீங்கள் சொல்லும் பதில்: "திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது, மின்னழுத்தக் குறைவால் மோட்டார் எரிந்திருக்கலாம்." இரண்டுமே தவறு. எப்படித் தவறு என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்; உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் மோட்டார் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் எடை. உங்கள் பக்கத்தில் மொத்த எடை 84 கிலோ என்று போட்டிருந்தது. லாரி ஆபீஸ் கொடுத்த எல்ஆர் (சரக்கு ரசீது) காப்பியில் மரப்பெட்டியோடு சேர்த்து 57 கிலோ. அரிசி மில் தராசில் பெட்டி இல்லாமல் வைத்தபோது 52. சப்மெர்சிபிள் மோட்டாரின் கனத்தில் பெரும்பகுதி ஸ்டேட்டர் ஸ்டாம்பிங்கிலும் (சுழலாத பகுதியின் இரும்புத் தகடுகள்) செம்புக் கம்பியிலும்தான் இருக்கிறது. இவ்வளவு குறைகிறது என்றால் இரண்டிலும் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிரித்துப் பார்த்தபோது அப்படியே இருந்தது. ஸ்டாம்பிங் நீளம் அதே 6 அங்குல வகையில் வரும் 5 எச்பி மோட்டாரின் நீளம்தான். கம்பியின் பாலி உறையை உரித்தால் மேலே செம்பு நிறம். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்.

ஒரே தடிமனில் அலுமினியக் கம்பியின் மின்தடை செம்பைப் போலச் சுமார் 1.6 மடங்கு. அதே ஆம்ப்ஸ் ஓடினால் அதே அளவுக்குச் சூடும் கூடும். இந்த மோட்டார்கள் உள்ளே தண்ணீர் நிரப்பி ஓடுபவை, வைண்டிங் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். அலுமினியக் கம்பியும் செம்புக் கேபிளும் சேரும் ஜாயிண்டில் கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் அந்த இடம் அரித்து மாவாக உதிர்ந்துவிடும். இதில் மூன்று ஜாயிண்டில் இரண்டு அப்படித்தான் இருந்தன. பக்கத்தில் "100% காப்பர் வைண்டிங்" என்று நீங்கள் போட்டிருந்த வரியின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறோம்.

ஷாஃப்ட் எஸ்எஸ் 410 என்றிருந்தது. காந்தம் ஒட்டுகிறது என்பதற்காகக் குறை சொல்லவில்லை. 410 ரகத்திலும் காந்தம் ஒட்டும். ஆனால் நான்கு நாள் தண்ணீரில் கிடந்ததற்குள் விரல் வைத்தால் செந்தூள் ஒட்டும் அளவுக்குத் துருப்பிடிக்காது. ஆறு ஸ்டேஜ் (ஸ்டேஜுக்கு ஒரு இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) என்ற பம்பில் ஐந்து இம்பெல்லர்தான். மோட்டார் உடலில் புதுப் பெயிண்ட். அதைச் சுரண்டினால் பழைய பெயர்ப்பலகை அடித்திருந்த ரிவெட் ஓட்டைகள் நான்கும் மெழுகால் அடைக்கப்பட்டிருக்கின்றன. இப்போதைய பெயர்ப்பலகை வெறும் ஸ்டிக்கர்.

அந்த ஸ்டிக்கரில்தான் போலி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9079 என்று அச்சடித்திருக்கிறார்கள். அது தரையில் வைத்து ஓட்டும் மோனோசெட் பம்புக்கான தர எண். சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கு உரியது ஐஎஸ் 8034. கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை (தர முத்திரைக்கான உரிம எண்) "பிஐஎஸ் கேர்" செயலியில் போட்டுப் பார்த்தால் பம்புக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பொருளின் உரிமம் வருகிறது. இரண்டு நிமிட வேலை. "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்று பச்சைக் குறி போடுவதற்கு முன் உங்கள் ஆட்கள் அதைச் செய்யவில்லை.

பில்லையும் யாரும் பார்க்கவில்லை. விற்பனையாளர் முகவரி கோயம்புத்தூர் என்றிருக்கிறது. கோயம்புத்தூர் மோட்டார் என்றால் டெல்டாவில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண் 24 என்று தொடங்குகிறது, அது குஜராத். தமிழ்நாட்டில் பதிவு செய்தவருக்கு 33 என்றுதான் தொடங்க வேண்டும், இரண்டு மாநிலத்திலும் தொழில் என்றால் இரண்டு பதிவு வேண்டும். அந்த எண்ணின் ஆறாவது எழுத்து பேன் அட்டையின் நான்காவது எழுத்து. அங்கே 'பி' இருக்கிறது, அதாவது தனிநபர். பெயரிலோ "பிரைவேட் லிமிடெட்" என்று போட்டிருக்கிறார். நிறுவனம் என்றால் அந்த இடத்தில் 'சி' வந்திருக்கும். பம்புக்கான எச்எஸ்என் (பொருள் வகைக் குறியீடு) 8413. இவர் போட்டிருப்பது கலப்பை, விதைப்புக் கருவிகளுக்கான 8432.

மதிப்புரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் 4.3 நட்சத்திரம் இருந்தது. கடைசி வரை இறங்கிப் படித்தால் பழைய மதிப்புரைகளில் "கொசு உள்ளே வரவில்லை", "கட்டில் அளவுக்குச் சரியாக இருக்கிறது" என்று வருகிறது. கொசுவலை விற்ற பக்கத்தில் பெயரையும் படத்தையும் மாற்றி மோட்டாரை ஏற்றியிருக்கிறார்கள். இதை நாங்கள் மோட்டார் எரிந்த பிறகுதான் பார்த்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு பக்கத்தின் பொருள் வகையே மாறும்போது நட்சத்திரம் மட்டும் அப்படியே தங்குவது உங்கள் மென்பொருளின் ஓட்டை, எங்களுடையது அல்ல.

இனி "மின்னழுத்தக் குறைவு" என்ற உங்கள் பதிலுக்கு வருகிறோம்.

25.05.2024 அன்று முக்காலி, செயின் பிளாக் வைத்து மோட்டாரை இறக்கினோம். ஓடும்போது நீர்மட்டம் 24 மீட்டர். 3 அங்குலக் குழாயின் உராய்வையும் சேர்த்தால் 28 மீட்டர் ஹெட் (பம்ப் தள்ள வேண்டிய உயரம்). உங்கள் பக்கத்து அட்டவணைப்படி 30 மீட்டரில் நொடிக்கு 10 லிட்டர், அதாவது 200 லிட்டர் டிரம் 20 நொடியில் நிரம்ப வேண்டும். ஆனது 46 நொடி. மூன்று பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும், குறைவாக வரும். அதனால் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அதில் இன்னும் குறைந்தது. ஆகவே முதலில் சுற்றிய திசையே சரி.

வோல்டேஜ் மூன்று பேஸிலும் 395 முதல் 405 வரை இருந்தது. டங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) ஆம்ப்ஸ் 17.8, 18.1, 21.6. ஸ்டிக்கரில் எழுதியிருப்பது 15. சராசரி 19.2, மூன்றாவது பேஸ் அதைவிட 12 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல். 5 விழுக்காட்டைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும்.

காரணம் கரண்டிலா, மோட்டாரிலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மூன்று ஒயரையும் ஒரே வரிசையில் ஒரு இடம் தள்ளிப் போட வேண்டும்; முதலாவது இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது முதலாவதுக்கு. இப்படிச் செய்தால் சுற்றும் திசை மாறாது. கூடுதல் ஆம்ப்ஸ் அதே மின்வாரிய லைனிலேயே நின்றால் குறை லைனில். மோட்டார் ஒயரோடு நகர்ந்தால் குறை மோட்டாரில். 27-ஆம் தேதி இரண்டு முறை தள்ளிப் போட்டோம். இரண்டு முறையும் 21-க்கு மேற்பட்ட அளவு மஞ்சள் ஒயரோடுதான் போனது. எரிந்த பிறகு பிரித்தபோது சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகியிருந்ததும் அதே மஞ்சள் ஒயரின் கம்பிச் சுருளில்தான். இதற்குமேல் மின்வாரியத்தின் மேல் பழி போடாதீர்கள்.

ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலேயை (ஆம்ப்ஸ் கூடினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) 15-இல் வைத்திருந்தோம், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிரிப் ஆனது. இதைச் சொன்னபோது விற்பனையாளர் உங்கள் செயலியின் அரட்டையிலேயே எழுதிய பதில்: "புது மோட்டார் அப்படித்தான், ரிலேயை 22-க்கு ஏற்றுங்கள்." மோட்டார் தெரிந்த எவரும் இப்படிச் சொல்ல மாட்டார். ரிலே இருப்பதே வைண்டிங்கைக் காப்பாற்றத்தான். நாங்கள் ஏற்றவில்லை. ஆனாலும் மொத்தமாக மூன்று மணி நேரம்கூட ஓடாமல் 29-ஆம் தேதி எரிந்தது.

திருப்பி அனுப்பும் காலம் பற்றி. டெலிவரி ஆன நாளிலிருந்து 7 நாள் என்கிறீர்கள். போர் மோட்டார் சுவரில் மாட்டி ஸ்விட்ச் போட்டுப் பார்க்கும் மின்விசிறி அல்ல. இறக்கும் ஆட்கள் கிடைக்க வேண்டும், கேபிள் ஜாயிண்ட் போட்டு ஆற வேண்டும், இறக்கி ஓட்டினால்தான் குறை தெரியும். அப்படியும் நாங்கள் 26-ஆம் தேதியே, ஐந்தாம் நாளிலேயே புகார் பதிந்தோம். வீடியோ கேட்டீர்கள், 27 அன்று அனுப்பினோம். வேறு கோணத்தில் கேட்டீர்கள், 28 அன்று அனுப்பினோம். 28 நள்ளிரவோடு காலம் முடிந்தது என்று 29 காலையில் பதில் வந்தது. "பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கலாம்" என்ற வசதியும் பெயருக்குத்தான்: லாரி ஆபீசில் ஓடிபி சொன்ன பிறகே பெட்டியை வண்டியிலிருந்து இறக்கினார்கள்.

தொலைபேசியில் பேசிய தங்கள் பணியாளர், "அதுவரை டீசல் எஞ்சின் வைத்து இறைத்திருக்கலாமே" என்றார். தரையில் நிற்கும் பம்ப் ஏழு மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது. எங்கள் தண்ணீர் 24 மீட்டரில் இருக்கிறது. இந்த ஆண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை என்பதும், குறுவை நாற்றங்கால் முழுக்கப் போர்த் தண்ணீரை நம்பியே இருக்கிறது என்பதும் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை வேலிக்கு, அதாவது பத்து ஏக்கருக்கு, 80 சென்ட் நாற்றங்கால் விட்டிருந்தோம். அந்த இழப்பை இந்தக் கடிதத்தில் கணக்கிடவில்லை. அது வேறு இடத்தில் பேச வேண்டியது.

இன்னொன்று, இதை நீங்கள் அவசரமாகப் பார்க்க வேண்டும். 04.06.2024 அன்று "ரீஃபண்ட் பிரிவு" என்று ஒருவர் அழைத்தார். ஆர்டர் எண், தொகை, புகார் எண் மூன்றையும் சரியாகச் சொன்னார். பணம் வர யுபிஐ பின் போடச் சொல்லி ரூ.28,900-க்குக் கோரிக்கை அனுப்பினார். பணம் வாங்க யாரும் பின் போட வேண்டியதில்லை, பணம் போகத்தான் பின். அதனால் தப்பித்தோம், சைபர் குற்ற உதவி எண் 1930-இலும் தெரிவித்துவிட்டோம். புகார் எண் உங்களிடமும் எங்களிடமும் மட்டும் இருக்க வேண்டிய ஒன்று. அது அந்த ஆளிடம் எப்படிப் போனது?

"நாங்கள் இடைத்தளம் மட்டுமே" என்று இனி எழுத வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-இன்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். அந்த ஒரு மாதம் நேற்றோடு முடிந்தது. வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் தலைமையிட முகவரி உட்பட விவரங்களைத் தளம் தர வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இந்தக் கடிதமே அந்த எழுத்துக் கோரிக்கை. விவசாயத்துக்கு வாங்கியது வணிக நோக்கம் என்று தட்டிக் கழிக்கவும் முடியாது; சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது.

நாங்கள் கேட்பது: மோட்டார் விலை ரூ.28,900, லாரி வாடகை ரூ.1,850, இறக்கக் கூலி ரூ.4,500, ஏற்றக் கூலி ரூ.4,500, ஆக மொத்தம் ரூ.39,750. அதோடு விற்பனையாளர் விவரம். இதே பக்கத்தில் இதே மோட்டாரை வாங்கிய மற்றவர்களுக்கு உங்கள் தரப்பிலிருந்து எச்சரிக்கை போக வேண்டும். பக்கத்தை நீங்கள் இப்போது நீக்கிவிட்டதால் அவர்களுக்கு நடந்தது தெரிய வாய்ப்பில்லை. அந்தப் பக்கத்தின் பழைய பதிவுகளையும், அரட்டையையும், எங்கள் புகாரைத் திறந்து பார்த்தவர்களின் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். 15 நாளில் தீர்வு வராவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவோம். வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நாங்கள் வரத் தேவையில்லை.

மோட்டாரை விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம், அதுதான் சாட்சி. மன்னார்குடியில் ரீவைண்டிங் பட்டறையில் ஸ்டேட்டர், ஐந்து இம்பெல்லர், ஷாஃப்ட், ஸ்டிக்கரோடு உள்ள உடல் எல்லாம் ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். உங்கள் பொறியாளரை அனுப்புங்கள். வரும்போது ஒரு கத்தி போதும். ஜூலை 12 வரைதான் பட்டறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கூட்டுப் போர் பாசனதாரர்கள்

இணைப்பு: பில், எல்ஆர் காப்பி, மில் தராசுச் சீட்டு, தளப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகள், அரட்டைப் பதிவு, டிரம் நிரம்பும் வீடியோ, ஆம்ப்ஸ் அளந்த வீடியோ, மோட்டாரைப் பிரித்த வீடியோ, பட்டறையின் எழுத்து அறிக்கை.