ஒன்பது நாடு வேண்டாம், ஒன்பது நாள் கொடு

லைப்சிக்,
ஞாயிறு காலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை இதோடு மூன்றாவது தடவை படித்துவிட்டேன். பேரன் குப்புற விழுந்து தவழப் பார்க்கிறான், வலது முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஓய்வு பெற்ற அன்று வார்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து உனக்கு அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். படிக்கப் படிக்க உன் குரலே காதில் கேட்டது. முப்பத்து நான்கு வருஷம் நைட் டியூட்டி பார்த்த உடம்பு அது. இனிமேலாவது ராத்திரியில் தூங்கு.

இங்கே நான் நலம். ஜனவரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலைக்குப் போகிறேன். அம்மா போன பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்குப் போன் போடும் நேரம் வந்தால் கை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறது. இன்று அந்த நேரத்தில்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அனுப்பிய சுற்றுலாத் தாளைப் பார்த்தேன். பன்னிரண்டு நாளில் ஒன்பது நாடு. ஆறரை மணிக்குப் பெட்டியோடு ஓட்டல் வாசலில் நிற்க வேண்டும், நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். போன வருஷம் என் நாத்தனார் இதே மாதிரி ஒரு பயணம் வந்தாள். ஐந்து வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். எந்த ஊரில் எதைப் பார்த்தாள் என்று போட்டோவை எடுத்துப் பார்த்துத்தான் அவளால் சொல்ல முடிந்தது. எனக்கு மனசு ஆறவே இல்லை. உனக்கும் அப்படி ஆக நான் விடமாட்டேன்.

பாரிஸ் ஆசை உனக்கு உண்டு, தெரியும். ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நோட்டு அட்டையில் ஈபிள் கோபுரத்தை வெட்டி ஒட்டியவள் நீ. கடைசி மூன்று நாளைப் பாரிஸுக்கு வைத்துக்கொள். மீதி ஒன்பது நாளை எனக்குக் கொடு. பிராங்பர்ட்டில் இறங்கி ரயிலேறி என்னிடம் வந்துவிடு. இந்தக் கிழக்கு ஜெர்மனி மூலையில், சுற்றுலா பஸ்கள் நிற்காமல் போகிற சில ஊர்களை உனக்குக் காட்ட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஹாலே. என் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். இந்த ஊர்ப் பெயரை நீயும் நானும் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம், கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு ராஜ வீதி வழியாகக் கடற்கரைக்கு நடப்போமே, வழியில் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் நுழைந்து ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க்கின் கல்லறைக் கல்லைத் தொட்டுப் பார்ப்போமே. அவர் படித்த ஊர் இது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியவருக்கு, தமிழ் அச்செழுத்துகள் இந்த ஊரிலிருந்துதான் கப்பலேறி வந்தன. தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள், மாதிரியைப் பார்த்துப் பார்த்து நம் எழுத்துகளை ஈயத்தில் வார்த்திருக்கிறார்கள்.

அனுப்பியவர்கள் ஃபிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய நிறுவனத்தினர். 1698இல் அநாதைப் பிள்ளைகளுக்காக அவர் கட்டத் தொடங்கிய இடம் இன்று ஒரு சின்ன ஊர் மாதிரி விரிந்து கிடக்கிறது. நீளமான முற்றம், இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய உயரமான வீடுகள், நடுவே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவார்கள். பழைய அநாதை இல்லத்தின் உச்சி மாடியில் ஓர் அதிசயப் பொருட்கூடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவதற்காகச் சேர்த்த சங்கு, பாசி, கல், கருவி எல்லாம் ஓவியம் தீட்டிய அலமாரிகளில் இருக்கின்றன. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். அங்கே ஓர் அலமாரிக்கு ‘மலபார்’ என்று பெயர். நம்மைத்தான் அப்போது அப்படி அழைத்தார்கள். நான் முதல்முதலாக அதன் முன்னால் நின்றபோது பக்கத்தில் நீ இல்லையே என்றுதான் தோன்றியது. நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் பத்திரமாக இருக்கின்றன.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் விரிவாக எழுதி இங்கே அனுப்பிய நூலை இவர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். பொய்த் தெய்வங்களை ஒழிக்கப் போனவர் அவற்றைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது. அந்த முற்றத்தில் நடக்கும்போது எனக்கு நன்றியும் வருத்தமும் சேர்ந்தே வரும். உனக்கு என்ன தோன்றும் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

அதே ஊரில் தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வெண்கலத் தட்டு, நம் வீட்டுத் தாம்பாளம் அளவுதான். பச்சை பூத்த தட்டின் மேல் தங்கத்தில் வட்டம், பிறை, நட்சத்திரங்கள். மண்ணுக்குள் புதைத்து ஏறக்குறைய 3,600 வருஷம் ஆகிறது. 1999இல் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் கையில் சிக்கி, 2002இல் சுவிட்சர்லாந்தில் போலீஸ் வலைவிரித்து மீட்டது. அந்த நட்சத்திரங்களுக்கு நடுவே ஏழு புள்ளிகள் மட்டும் நெருக்கமாகக் கூடி நிற்கும். நம் கார்த்திகைக் கூட்டம்தான் அது. இருட்டறையில் அதை மட்டும் வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து உன் பாட்டி விரலை நீட்டிக் காட்டிய அதே மீன்களை, எழுத்தே தெரியாத யாரோ இங்கே தங்கத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது குவெட்லின்பர்க். இங்கே இரண்டு ராத்திரி தங்க வேண்டும், இதில் மட்டும் உன் பேச்சைக் கேட்கமாட்டேன். பகலில் வருகிறவர்கள் சாயங்கால ரயிலுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் தன் முகத்தைக் காட்டும். மே மாதக் கடைசியில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கல் பாவிய சந்துகளில் நம் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஊர் முழுக்க மரச்சட்ட வீடுகள், ஆயிரத்துக்கும் மேல். கெட்டியான மரத்தால் சட்டம் கட்டி, இடைவெளியில் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைத்திருக்கிறார்கள். உங்கள் தாத்தா வீட்டு மண்சுவர் போலத்தான். மாடிக்கு மாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெருப்பக்கம் முன்னே வந்து நிற்கும், எதிரெதிர் வீட்டுக்காரர்கள் சன்னல் வழியே கைகொடுக்கலாம் போல. 14ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றுகூட இன்னும் நிற்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் பராமரிக்கப் பணமில்லாமல் பாதி வீடு சரிந்துகொண்டிருந்ததாம். 1989க்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சட்டம் மாற்றி எழுப்பியிருக்கிறார்கள். இப்போதும் எங்கேயாவது ஒரு தச்சர் வேலை செய்துகொண்டிருப்பார். நின்று பார்.

குன்றின் மேல் ஒரு கோயில். 936இல் இறந்த ஹென்றி என்ற அரசரை அங்கே அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி மெட்டில்டா அதே இடத்தில் பெண்கள் மடம் ஒன்றை ஏற்படுத்தினார். அந்த மடத்துத் தலைவிகள்தான் 1800களின் தொடக்கம் வரை இந்த ஊரை ஆண்டார்கள். எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஓர் ஊருக்குப் பெண்களே தலைமை! கோயில் கருவூலத்தில் இருந்த விலைமதிப்பற்ற சில பொருட்களை 1945இல் ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரி எடுத்துத் தபாலில் தன் ஊருக்கு அனுப்பிவிட்டார். அவை டெக்சாஸில் கண்டுபிடிக்கப்பட்டு 1993இல் திரும்பி வந்தன. ஏற்றம் கொஞ்சம் செங்குத்து. நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவோம், அவசரமில்லை.

உன்னை இந்த ஊருக்கு அழைப்பதற்கு இன்னொரு காரணம் டொரோதியா எர்க்ஸ்லேபன். 1715இல் இங்கே பிறந்தவர். அப்பா மருத்துவர், மகனுக்குச் சொல்லிக் கொடுத்ததை மகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லாத காலம். அரசருக்கே மனுப் போட்டு, 1741இல் அனுமதி வாங்கினார். ஆனால் உடனே பரீட்சை எழுத வாழ்க்கை விடவில்லை. மனைவியை இழந்து ஐந்து பிள்ளைகளோடு நின்ற ஒருவரை மணந்து, தானும் நான்கு பிள்ளை பெற்று, அத்தனை பேரையும் வளர்த்துக்கொண்டே ஊர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். பட்டமில்லாத போலி என்று உள்ளூர் மருத்துவர்கள் புகார் கொடுத்தார்கள். 1754இல் ஹாலேக்குப் போய், பேராசிரியர்கள் லத்தீனில் கேட்ட கேள்விக்கெல்லாம் லத்தீனிலேயே பதில் சொல்லிப் பட்டம் வாங்கினார். ஜெர்மனியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண். ஆண் டாக்டரிடம் சொல்ல வாய் வராத எத்தனை பெண்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் சொல்லியிருப்பார்கள்! அந்த ஊர்த் தெருவில் நீ நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

நௌம்பர்க்குக்கு ஒரு நாள் போதும். பேராலயத்தின் மேற்குப் பகுதியில் மட்டும் பொறுமையாக நில். பன்னிரண்டு பேரின் கற்சிலைகள். அந்தக் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்கள். 13ஆம் நூற்றாண்டில் செதுக்கியபோது அவர்கள் இறந்தே ஏறக்குறைய இருநூறு வருஷம். முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை, செதுக்கியவர் பெயரும் தெரியாது. ஆனால் உட்டா என்ற பெண், குளிருக்கு மேலங்கியின் கழுத்துப் பட்டையைக் கன்னம் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இப்போதுதான் வாசலிலிருந்து உள்ளே வந்தவள் போல இருக்கும். எதிரே ரெக்லிண்டிஸ் வாய்விட்டுச் சிரிக்கப் போகிறாள். அவள் கன்னக்குழி அப்படியே உன் தங்கச்சி.

கடைசியாகக் கோர்லிட்ஸ், போலந்து எல்லையில். இதற்கு என் வீட்டிலிருந்து மூன்று மணி நேரமாகும், டிரெஸ்டன் வழி. டிரெஸ்டனில் இறங்கிப் பக்கத்தில் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போய்வரலாம். சீகன்பால்க் 1682இல் பிறந்தது அங்கேதான். 1558 முதல் அங்கே ‘மிளகு கேக்’ சுடுகிறார்கள். உண்மையில் மிளகு முக்கியமில்லை. தூரதேசத்து மசாலா எல்லாவற்றையும் இவர்கள் மிளகு என்றே சொன்ன காலத்துப் பெயர். பட்டை, கிராம்பு, ஏலக்காய் வாசனை தெருவிலேயே அடிக்கும். அந்த வாசனையில் வளர்ந்த பையன் நம் கரைக்கு வந்து சேர்ந்தான் என்பது எனக்கு எப்போதும் மனசைத் தொடும்.

கோர்லிட்ஸைப் போர் அவ்வளவாகச் சிதைக்கவில்லை. ஆனால் 1945க்குப் பின் நைஸ்ஸே ஆறே எல்லையாகி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பாதி ஊர் போலந்துக்குப் போய்விட்டது. குண்டு வைத்துத் தகர்த்த பழைய பாலத்தின் இடத்தில் 2004இல் நடைபாலம் போட்டார்கள். காலையில் ஜெர்மனியில் காபி குடித்துவிட்டு நடந்து போய் போலந்தில் மதியம் சாப்பிடலாம். சீஸும் உருளைக்கிழங்கும் வைத்த பியெரோகி கேள், நம் கொழுக்கட்டை மாதிரி, உனக்குப் பிடிக்கும். இன்னொரு சேதி: 1995 முதல் 2016 வரை ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் பழைய வீடுகளைப் பழுதுபார்க்க ஒரு மில்லியன் மார்க் அனுப்பிக்கொண்டே இருந்தார், பிறகு அதற்கு ஈடான யூரோவில். பெயரைச் சொல்லவே இல்லை. அந்தத் தெருக்களில் நடக்கும்போது ஒவ்வொரு வாசலையும் பார்த்து அவருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டே போவேன்.

மற்றபடி சில விஷயம். சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், துரிங்கியா என்று இந்தப் பக்கத்து மூன்று மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரு நாள் டிக்கெட் உண்டு. வேலை நாளில் காலை ஒன்பதுக்கு மேல் செல்லும், சனி ஞாயிறில் நாள் முழுக்க. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், வேக ரயிலில் மட்டும் ஏறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள தட்டையான ஷூ வாங்கு, இந்தக் கல் தெருவில் செருப்பு உன் முழங்காலைக் கெடுத்துவிடும். ஜூன் 24க்கு முன்னால் வந்தால் வெள்ளைத் தண்டுக்கீரை மாதிரி ‘ஷ்பார்கல்’ கிடைக்கும். வேகவைத்து, உருக்கிய வெண்ணெயும் உருளைக்கிழங்கும் வைத்துத் தருவார்கள். சைவம்தான். திரட்டுப்பால் கட்டிக்கொண்டு வராதே, பால் பொருளை விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். அப்பளம் கொண்டு வா.

அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறாயோ அந்த நாட்டில்தான் விசாவுக்கு மனுப் போட வேண்டும். ஒன்பது நாள் எனக்கு என்று முடிவானால் ஜெர்மனி. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரும் பிறந்த தேதியும் எழுதி அனுப்பு, அழைப்புக் கடிதம் தயார் செய்கிறேன்.

கோர்லிட்ஸ் கீழ்ச் சந்தையில் ஒரு பழைய வாசல் வளைவு உண்டு. ஒரு முனையில் வாயை வைத்துக் கிசுகிசுத்தால், கல் வளைவை ஒட்டி ஓடி மறுமுனையில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். போன கோடையில் அங்கே போனபோது மறுமுனையில் யாரும் இல்லை. வாத்தியார் முதுகைத் திருப்பியதும் மேஜைக்கடியில் குனிந்து நீ என் காதில் சொல்வாயே, அது ஞாபகம் வந்து சும்மா நின்றுவிட்டு வந்தேன். நீ இடது பக்கம் நில், அங்கேதான் நிழல் இருக்கும்.

பதில் போடு. தாமதிக்காதே.

உன் பக்கத்து பெஞ்சுக்காரி