ஒரு ஆளை வைக்க எத்தனை லிட்டர் நைட்ரஜன் வேண்டும்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வழக்கமாக இந்த மடலில் வண்டி வரும் நாளும் கேன் பராமரிப்பும் மட்டும்தான் இருக்கும். இந்த முறை அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். கொஞ்சம் நீளமான கடிதம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, பதினொன்றரை மணி இருக்கும், ஃபோன் வந்தது. அப்பா காலத்திலிருந்து நம்மிடம் திரவ நைட்ரஜன் வாங்குபவர். உறைய வைத்த காளை விந்துக் குச்சிகளை நைட்ரஜன் கேனில் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர். அந்த நேரத்தில் ஃபோன் வந்தால் பெரும்பாலும் கேன் ஒழுகும் விஷயமாகத்தான் இருக்கும். "கேன் லீக் ஆகுதுங்களாண்ணா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஒரு ஆளை வெக்கறதுக்கு எத்தனை லிட்டர் வேணும் அம்மிணி?" என்றார். அன்று சாயங்காலம்தான் அவர் மனைவி இறந்திருந்தார்.

"அது ஆகாதுங்கண்ணா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. "அப்புறம் எப்படி, குச்சிக்குள்ள இருக்கறது மட்டும் இருவது வருசமானாலும் உசுரோட இருக்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேதியியல் படித்தவள், பத்து வருஷமாக இதே வியாபாரத்தில் இருப்பவள், அன்று என் வாயில் பதில் வரவில்லை.

பிறகு அவர் கேன் நிரப்ப வந்தபோது கிடங்கில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மத்தவங்களுக்கும் எழுதிப் போடு" என்றார். அமெரிக்காவில் ஸ்டீல் தொட்டிகளில் மனிதர்களை வைத்திருக்கும் வீடியோவை எனக்கு அனுப்பி, "இது நிஜமா?" என்று கேட்டவர்கள் உங்களில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதலில் குச்சியின் கதை. 1949க்கு முன்னால் விந்தணுவை உறைய வைத்து உயிரோடு எடுக்க நம்பகமான வழி இல்லை. எடுத்தாலும் ஏதோ ஒன்றிரண்டு பிழைக்கும், அவ்வளவுதான். லண்டன் ஆய்வகம் ஒன்றில் கிறிஸ்டோஃபர் போல்ஜ் என்ற இளைஞர் சேவல் விந்தைப் பழச்சர்க்கரைக் கரைசலில் போட்டு உறைய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தேறவில்லை. சில மாதம் கழித்துக் குளிர்ப்பெட்டியில் இருந்த பழைய பாட்டிலை எடுத்து மறுபடி செய்தபோது, விந்தணுக்கள் உருகியதும் துள்ளி நீந்தின. மிச்சமிருந்த கரைசலைச் சோதிக்கக் கொடுத்தார்கள். அதில் சர்க்கரையே இல்லை. லேபிள் மாறிப்போய், கிளிசராலும் முட்டை வெள்ளைக்கருப் புரதமும் இருந்த பாட்டிலை எடுத்திருக்கிறார். இன்று உங்கள் கேனில் இருக்கும் ஒவ்வொரு குச்சியும் அந்த லேபிள் குழப்பத்துக்குக் கடன்பட்டது.

கிளிசரால் என்ன செய்கிறது? தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரியும். ஆனால் உயிரணுவைக் கொல்வது இந்த விரிவு மட்டும் இல்லை. உயிரணுவுக்கு வெளியே உள்ள தண்ணீர் முதலில் பனிக்கட்டியாகிறது. பனிக்கட்டி உப்பைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் மிச்சமுள்ள நீர் கடும் உப்பாகி, உயிரணுவுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். கிட்டத்தட்ட ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாதிரி வதங்கிப்போகும். அவசரமாகக் குளிர்வித்தாலோ உள்ளேயே பனி ஊசிகள் முளைத்துக் கிழித்துவிடும். கிளிசரால் உள்ளே நுழைந்து இந்த இரண்டையும் மட்டுப்படுத்துகிறது.

அப்படி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் என்ன ஆகிறது என்பது ஊசி போடும் உங்களுக்கே தெரியும். கால் மில்லி குச்சியை 37 டிகிரி தண்ணீரில் உருக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாதி ஓடினாலே நல்ல குச்சி. மீதிப் பாதி செத்தே வருகிறது. அதனால் நமக்கு நஷ்டமில்லை, ஏனென்றால் கோடிக்கணக்கில் இருப்பதில் ஒன்று போய்ச் சேர்ந்தால் சினை பிடித்துவிடும். ஒரு மனித மூளையில் பாதி உயிரணுக்கள் போய்விட்டால் அங்கே மிஞ்சுவது யார்? அண்ணனிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முதன்முறையாகத் தலையாட்டினார்.

கருத்தரிப்பு மையங்களின் கதை இன்னும் அழகானது. மனிதக் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சில உயிரணுக்கள் மட்டுமே உள்ள கருவைக் கரைசலில் நனைத்து நைட்ரஜனில் வைத்தால் அது காத்திருக்கும். 1992இல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022இல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. முப்பது வருஷம்! மைனஸ் 196 டிகிரியில் உயிரின் வேதிவினைகள் நின்றுவிடுகின்றன. கெடுவதற்கும் வேதிவினை வேண்டுமே. இந்த வேலையை நம் நைட்ரஜன் நிஜமாகவே செய்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சரி, முழு மனிதருக்கு வருவோம். இதற்குக் கிரையோனிக்ஸ் என்று பெயர். 1960களில் இந்த யோசனையைப் பரப்பியவர் ராபர்ட் எட்டிங்கர், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இயற்பியல் ஆசிரியர். இன்றைய மருத்துவம் கைவிட்ட ஒருவரை உறைய வைத்தால் நாளைய மருத்துவம் எழுப்பலாம் என்பது அவர் கணக்கு. 1967 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியர் 73 வயதில் புற்றுநோயால் இறந்தார். அப்படி உறைய வைக்கப்பட்ட முதல் மனிதர் அவர்தான். அவர் உடல் இன்றும் அரிசோனாவில், ஸ்காட்ஸ்டேல் நகரத்தில், ஆல்கோர் என்ற அமைப்பின் தொட்டியில் இருக்கிறது. எட்டிங்கர் 1976இல் மிச்சிகனில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அங்கே முதலில் வைக்கப்பட்டவர் அவருடைய அம்மா. பிறகு இரண்டு மனைவிகள். 2011இல் 92 வயதில் அவரும் போய்ச் சேர்ந்தார், அதே இடத்துக்கு. பெற்ற தாயை ஒருவர் அங்கே வைத்தார் என்றால் அது ஏமாற்று வேலையாக இருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். அது பாசம். அறிவியல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவர்கள் செய்வது இது. சட்டப்படி இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கை வைக்க முடியும். உடனே பனிக்கட்டித் தொட்டியில் கிடத்தி, இயந்திரத்தால் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவிட்டு, அது கட்டிப்போகாமலிருக்க மருந்து ஏற்றுகிறார்கள். அப்புறம் ரத்தத்தை எடுத்துவிட்டு அடர்த்தியான உறைகாப்புக் கரைசலை நாளங்களில் செலுத்துகிறார்கள். பனிக்கட்டியே உருவாகாமல் கண்ணாடி போல இறுகச் செய்வதுதான் நோக்கம். நம் வீட்டு உதாரணம் சொன்னால், சர்க்கரைப் பாகை நிதானமாக ஆறவிட்டால் கற்கண்டாக மணி கட்டும். நன்றாக முறுக்கிச் சட்டென்று ஆற்றினால் மிட்டாயாகக் கண்ணாடி மாதிரி நிற்கும். அந்த மிட்டாய் நிலைதான் அவர்களுக்கு வேண்டும். பல நாள் மெல்ல மெல்லக் குளிர்வித்து, கடைசியில் ஆளுயரத் தொட்டியில் தலைகீழாக இறக்குகிறார்கள். நைட்ரஜன் குறைந்தாலும் தலை கடைசியாகத்தான் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக. தொட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. உங்கள் 35 லிட்டர் கேனைப் போலவே இரட்டைச் சுவரும் நடுவில் வெற்றிடமும்தான். ஆவியாவதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த "நிரப்பிக்கொண்டே" என்ற இடத்தில் எனக்கு மனசு நின்றுவிடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்தில், நிலத்தடி அறையில் வைத்திருந்த உடல்கள், நைட்ரஜனுக்குப் பணமில்லாமல் உருகி அழுகிப்போயின. 1979இல்தான் விஷயம் வெளியே வந்தது. வாரம் தவறாமல் கேன் நிரப்புகிறவளாக இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு வருஷத்துக்கு நிரப்புகிறேன் என்று எந்த வியாபாரி வாக்குக் கொடுக்க முடியும்? இப்போதுள்ள அமைப்புகள் அதற்காகவே தனி நிதி வைத்திருக்கின்றன. முழு உடலுக்கு ஆல்கோரில் 2 லட்சம் டாலருக்கும் மேல் ஆகும். பெரும்பாலானவர்கள் ஆயுள் காப்பீட்டின் மூலம் கட்டுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் இதுவரை ஒருவர்கூட எழுந்ததில்லை. ஒரு முழு எலியைக்கூட அந்தக் குளிரிலிருந்து உயிரோடு எடுத்தவர் இல்லை. கரைசல் அடர்த்தியாக இருந்தால் அதுவே விஷம். நீர்த்திருந்தால் பனி கட்டும். பெரிய உடலின் வெளிப்புறமும் நடுவும் ஒரே வேகத்தில் குளிராததால் கண்ணாடி டம்ளரில் கொதிநீர் ஊற்றியது போல விரிசல் விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்த ஓட்டம் நின்ற சில நிமிஷங்களிலேயே மூளை கெட ஆரம்பித்துவிடுகிறது.

குளிர் முந்திக்கொண்டால் கதை வேறு. 1999இல் நார்வேயில் பனிச்சறுக்கில் போன இளம் மருத்துவர் ஒருவர் ஓடையின் பனிக்கு அடியில் சிக்கிக்கொண்டார். உடல் வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியது, இதயம் நின்றது. ஆனாலும் பிழைத்துவிட்டார். மூச்சு நிற்பதற்கு முன்பே மூளை குளிர்ந்திருந்தது. அதுவும்கூட உறைநிலைக்கு மேலேதான். அவர் உடம்புக்குள் பனி கட்டவில்லை.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகத்தைக் கண்ணாடி நிலையில் 100 நாள் வரை வைத்திருந்து, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் காந்தப்புலத்தால் சூடாக்கி உள்ளும் புறமும் ஒரே சீராக உருக்கி, வேறு எலிகளுக்குப் பொருத்தினார்கள். அந்த எலிகள் அந்தச் சிறுநீரகத்தை மட்டும் வைத்தே பிழைத்தன. இதைப் படித்துவிட்டு என் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம். சிறுநீரகத்துக்காகப் பல வருஷம் காத்திருப்பவர்களுக்கு ஒருநாள் இது கை கொடுக்கலாம். ஆனால் எலியின் சிறுநீரகம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. மனித மூளை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ.

2016இல் லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 14 வயதுப் பெண், தன்னை உறைய வைக்க அனுமதி கேட்டு நீதிபதிக்குக் கடிதம் எழுதினாள். பிரிந்து வாழ்ந்த பெற்றோருக்குள் இதில் கருத்து வேறுபாடு. முடிவெடுக்கும் உரிமை தாய்க்கு என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். இந்த முறை பலிக்குமா என்பதற்குள் அவர் போகவில்லை. உடல் அமெரிக்கா போனது. அந்தப் பெண்ணைத் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணனையும்தான்.

ஆகவே கடையின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் உடலை வைக்க நாங்கள் நைட்ரஜன் தர மாட்டோம், எவ்வளவு பணம் கொடுத்தாலும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். வீட்டு அறைக்குள் நூற்றுக்கணக்கான லிட்டர் கொதித்தால், நிறமோ மணமோ இல்லாமல் ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவர்கள் மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் விழுவார்கள். உறைய வைத்து எழுப்பித் தருகிறோம் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு ஃபோன் செய்யுங்கள். அமெரிக்காவில் உள்ளவர்களே எழுப்புவோம் என்று உறுதி தருவதில்லை.

உயிரோடு இருக்கும்போது சேமிக்கக்கூடியவற்றைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோய் சிகிச்சை தொடங்கப்போகும் இளவயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மருந்து ஏற்றுவதற்கு முன்பே விந்தணு அல்லது கருமுட்டை சேமிப்பதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பின்னால் குழந்தை பெறும் வழி அதில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாததாலேயே தவறிப்போகிறது. நல்ல நாட்டுக்காளை வைத்திருப்பவர்களும் அது வயதாகும் முன் கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

இனி வழக்கமான செய்திகள். கோபி, சத்தி பக்கம் போகும் வண்டி அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்குப் பதில் புதன்கிழமை வரும். மரக்குச்சியை விட்டு அளவு பார்ப்பதை வாரம் இருமுறை செய்யுங்கள். கேனின் கழுத்தில் வெளிப்பக்கம் பனி படிந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள், அன்றே கூப்பிடுங்கள், மாற்றுக் கேன் கொடுத்துவிடுகிறோம். கேனைக் காரில் கொண்டுபோனால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். இரவு எந்நேரமானாலும் பழைய எண்ணிலேயே எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் நைட்ரஜன் கடையிலிருந்து