எல்லா ஓட்டத்துக்கும் ஒரே ஷட்டர் வேகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் புகைப்படக் குறிப்பில், ஓடுவது எதுவானாலும் ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/1000 விநாடியில் வைத்துவிட்டால் போதும் என்று வந்திருந்தது. 18 ஆண்டுகளாக விளையாட்டுப் போட்டிகளில் படம் எடுத்து வருகிறேன். புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் இதை அப்படியே பிடித்துக்கொள்வார்களே என்றுதான் எழுதுகிறேன்.

ஓட்டப் பந்தயத்துக்கு 1/1000 சரிதான். விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறவர் அதற்குள் 1 சென்டிமீட்டர்தான் நகர்வார். 1/125-ல் 8 சென்டிமீட்டர் நகர்ந்து முகமே கலங்கிவிடும். ஆனால் அவரே நேராக நம்மை நோக்கி ஓடி வந்தால் பெரும்பாலும் 1/500 போதும். கூடைப்பந்தில் எம்பி எறிகிறவர் உச்சியில் ஒரு கணம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அந்தக் கணத்தில் அழுத்தினால் 1/250-லேயே முகம் தெளிவாக விழும்.

சைக்கிள் பந்தயத்தில்தான் இந்த ஒரே எண் படத்தைக் கெடுக்கிறது. என் மகள் ஓட்டிய முதல் பந்தயத்தை 1/2000-ல் எடுத்தேன். சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். படத்தைப் பார்த்தவள், “நான் ஏம்ப்பா சும்மா நிக்கிறேன்?” என்று கேட்டாள். மூச்சு வாங்க வாங்க அவள் மிதித்தது அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

அடுத்த பந்தயத்தில் 1/60 வைத்தேன். வண்டி தூரத்தில் வரும்போதே இடுப்பைத் திருப்பிக் கேமராவை அதோடு கொண்டுபோய், பட்டனை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாமல் எடுத்தேன். 40 படங்களில் 3 தேறின. அந்த மூன்றிலும் முகம் தெளிவு. பின்னாலிருந்த கூட்டம் கோடு கோடாக இழுபட்டிருந்தது, சக்கரம் சுழன்றது.

கேமராவை அசைக்காமல் 1/500-ல் எடுத்த படத்தில் இன்னொன்று பார்க்கலாம். தரையை ஒட்டிய கம்பிகள் தெளிவாகவும் மேலே உள்ளவை கலங்கியும் இருக்கும். சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தக் கணம் நிற்கிறது. உச்சியோ வண்டியைப் போல இரு மடங்கு வேகத்தில் போகிறது. ஒரே வண்டிக்குள்ளேயே இத்தனை வேகம் இருக்கும்போது ஒரு எண் எப்படிப் போதும்?

வெளிச்சம் குறைந்தால் ஷட்டரைக் குறைக்காமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றச் சொல்லுங்கள். புள்ளி விழுந்த படத்தை வைத்துக்கொள்ளலாம், கலங்கிய முகத்தை வைத்து என்ன செய்வது? அடுத்த இணைப்பில் எண்ணோடு திசையையும் தூரத்தையும் சேர்த்து எழுதுங்கள். வண்டியோடு கேமராவைத் திருப்பி எடுக்கும் பேனிங்குக்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
விளையாட்டுப் படம் எடுக்கும் வாசகர்