பாட்டு ஒட்டிக்கொண்டால் முழுதாகப் பாடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பின் உடல்நலக் கேள்வி-பதில் பகுதியில், ஒரே பாட்டு நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். 'மன அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். வேறு வேலையில் மனத்தைச் செலுத்துங்கள்' என்று இரண்டே வரியில் பதிலை முடித்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு, எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் பெண் ஒருத்தி, தன் மூளையில் ஏதோ கோளாறு என்று பயந்துபோய் என்னிடம் வந்தாள். பெண்கள் பள்ளியொன்றில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அவளுக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இது கோளாறே இல்லை. பழகிய பாட்டை மூளை தானே பாடிக்கொள்ளும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் 2005-இல் சிலருக்குப் பாட்டுகளைப் போட்டு, நடுநடுவே சில நொடிகள் ஒலியை நிறுத்திவிட்டு மூளையைப் படம்பிடித்தார்கள். தெரிந்த பாட்டாக இருந்தால், ஒலி நின்ற இடத்திலும் செவிப்புலப் பகுதி இயங்கிக்கொண்டே இருந்தது. தெரியாத பாட்டில் அந்த அளவுக்கு இல்லை.

இதைப் படிக்கும்போது என் வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. ஆதி தாளத்தில், தாளம் தொடங்கி அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு, கையில் தாளம் மட்டும் போடுவேன். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சத்தமே இருக்காது. அடுத்த ஆவர்த்தனத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் சரியாக அந்த அரை இடத்தில், அதே சுருதியில் எடுப்பார்கள். அந்த ஆவர்த்தனம் முழுவதும் பாட்டு அவர்களுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பாட்டுக் கேட்பது காது மட்டும் செய்கிற வேலையும் அன்று. கை கால் அசையாமல் உட்கார்ந்து தாளத்தைக் கேட்டால்கூட, உடல் அசைவுக்கான மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. கனடாவில் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011-இல் இன்னொன்றைக் கண்டார்கள். மனத்துக்குப் பிடித்த பாட்டின் உச்ச இடம் வரும்போது மூளையில் டோப்பமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரக்கிறது. அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்திலேயே வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிடுகிறது. சரணத்தை முடித்துவிட்டு வித்வான் பல்லவிக்குத் திரும்பும்போது சபை முழுவதும் தலையசைப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பல்லவி என்பதே திரும்பத் திரும்ப வருவதற்காக அமைக்கப்பட்டது. அது மண்டையிலும் திரும்ப வருகிறது என்றால் அதில் பயப்பட என்ன இருக்கிறது?

எல்லாப் பாட்டும் ஒட்டுவதில்லை. இங்கிலாந்தில் சுமார் 3,000 பேரிடம் கேட்டறிந்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, ஒட்டிக்கொள்ளும் மெட்டுகள் சற்று விரைவான நடையில், எளிதில் பிடிபடும் ஏற்ற இறக்கத்தோடு, எங்காவது ஓர் எதிர்பாராத தாவலோடு இருக்கின்றன.

என் கவலை வேறு. இன்றைய பிள்ளைகளுக்குப் பாட்டே துண்டு துண்டாகத்தான் வந்து சேருகிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள்வயிற்றுப் பேரன் ஒருநாள் மாலை முழுக்க இரண்டு வரியையே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கணக்கு நோட்டைத் திறந்து வைத்திருந்தான். ஒரு கணக்கும் நகரவில்லை. "அதற்கு மேல் பாடு" என்றேன். "அதற்கு மேல் தெரியாது அம்மாச்சி, ரீல்ஸில் அவ்வளவுதான் வரும்" என்றான். முழுப் பாட்டையும் தேடி எடுத்து, இருவரும் உட்கார்ந்து கேட்டோம். சரணத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்து, முடிவுவரை பாடவைத்தேன். அதன் பிறகு அவன் முணுமுணுப்பு நின்றது. வகுப்பிலும் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பல்லவி மட்டும் தெரிந்த பிள்ளைதான் அதையே சுற்றிச் சுற்றி வருவாள்.

முடித்த வேலையைவிட முடிக்காத வேலையே நினைவில் நிற்கும் என்று புளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் எழுதினார். இது பாட்டுக்கும் பொருந்துமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் இங்கிலாந்து, பின்லாந்து மக்கள் ஒட்டிய பாட்டை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரையில், கவனத்தைத் திருப்புவதோடு, அதே பாட்டை முழுதாகக் கேட்டுவிடுவதும் ஒரு வழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. என் அனுபவம் இந்த இரண்டாவது வழியின் பக்கம்தான்.

நம் தமிழ்த்தாய் வாழ்த்தையே பாருங்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 நொடிகளில் பாடவேண்டும் என்று வகுத்துக்கொடுத்தார்கள். தினமும் பாடும் பாட்டு. ஆனாலும் அது மண்டையில் சுற்றுகிறது என்று எந்த மாணவியும் என்னிடம் சொன்னதில்லை. முதல் வரி முதல் இறுதி வாழ்த்துவரை எல்லாருக்கும் தெரியும். மனத்துக்குள் தொடங்கினாலும் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது.

எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடமும் உண்டு. ஒட்டிக்கொண்ட பாட்டு நமக்குள்ளேதான் ஓடுகிறது என்று நமக்கே தெரியும். அப்படியில்லாமல், பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ உண்மையாகவே பாடுவதுபோல் வெளியிலிருந்து கேட்டால், குறிப்பாகக் காது மந்தமான முதியவர்களுக்குக் கேட்டால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கேள்வி-பதிலில் இதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும். காதில் இயர்போனோடு தூங்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: இரவில் பாட்டு ஒட்டிக்கொள்பவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது என்று அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வு 2021-இல் காட்டியது. சொற்கள் இல்லாத இசை என்றால் பரவாயில்லை என்று எண்ணவேண்டாம். பழகிய பாட்டின் வாத்திய வடிவம் இன்னும் அதிகமாக ஒட்டியது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இசை ஆசிரியர் இல்லாத பள்ளிகளிலும் உங்கள் சிறுவர் பக்கம் போய்ச் சேருகிறது. அதில் வாரம் ஒரு பாட்டைப் பல்லவி முதல் கடைசிச் சரணம்வரை ஒரு வரியும் விடாமல் அச்சிடுங்கள். பாரதியாரிலிருந்து தொடங்கலாம், அவருடைய பாடல்கள் பலவற்றில் முதல் இரண்டு வரிக்கு மேல் பெரியவர்களுக்கே தெரிவதில்லை. அவை நாட்டுடைமை ஆனவை, அனுமதி கேட்டு யாரிடமும் போகவேண்டியதில்லை. சுரக்குறிப்பும் தாளமும் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். ஊதியம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
கும்பகோணம்.